ஐஸ் பெட்டி

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வெளியே வந்தார். கையில் எவர்சில்வர் தட்டு.

"கன்னியம்மா பொண்ணு யாரும்மா?"

நான் எழுந்தேன். எனக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தியும் எழுந்தாள். சுமலதா அக்கா. நாலு வருடத்துக்கு முன் அப்பா அவளை வீட்டைவிட்டு அனுப்பினார். அதுவரை நான் அவளை அண்ணன் என்று கூப்பிட்டிருக்கிறேன். இப்போது கும்மிடிப்பூண்டியில் இறால் கம்பெனியில் பேக்கிங் வேலை. இடுப்பில் ஒரு தெர்மோகோல் பெட்டியை அணைத்திருந்தாள். மூடியில் வேப்பங்கொத்து. வழியில் பெரியபாளையத்து அம்மன் கோயிலில் இறங்கியிருக்க வேண்டும்.

நர்ஸ் இருவரையும் பார்த்துவிட்டுத் தட்டை நீட்டினார்.

"கட்டியோட எடுத்தாச்சு, பார்த்துக்கோங்க. அம்மா நல்லா இருக்காங்க. டப்பாவுல போட்டுத் தரேன், எதிர் லேப்ல டெஸ்டுக்குக் குடுத்துடுங்க."

நான் விலங்கியல் படித்தவள். ஃபார்மலினில் வெளுத்துப்போன கர்ப்பப்பையைத்தான் பார்த்திருக்கிறேன். இது சிவப்பாக, ஈரமாக இருந்தது. பக்கத்தில் சாத்துக்குடி அளவில் ஒரு கட்டி.

நர்ஸ் உள்ளே போனதும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மருந்து ஊத்த வேணாம்னு சொல்லுடி. அப்படியே வாங்கு. ஐஸ் கொண்டாந்துகிறேன்."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? எனக்குத்தான்."

எனக்குப் புரியவில்லை. அவள் தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"என்ன கூட்டியாந்த சின்னதுரை அண்ணன் ஆட்டோ கீழ நிக்குது. ஒன்றரை மணி நேரத்துல மெட்ராஸ். அங்க பெரிய ஆஸ்பத்திரில சேத்துக்கினு எனக்கு வெச்சிடுவாங்க. ஹார்ட்டையே பெட்டில போட்டு எடுத்துக்கினு போறாங்க, டிவில பாக்கல? எறாலையே நாங்க நாள் பூரா கெடாம வெக்கிறோம்."

"யார் சொன்னது உனக்கு?"

"அம்மாதான்."

அம்மா அவளோடு பேசுவதே இல்லை என்று அப்பாவும் நானும் நம்பிக்கொண்டிருந்தோம்.

"ஒரு மாசமா தெனம் போன் பண்ணுது. நீ படிச்சுக் காட்டினியாமே, ஒரு அம்மா தன் கர்ப்பப்பைய பொண்ணுக்குக் குடுத்து கொழந்த பொறந்துச்சுன்னு. 'குப்பைல போடறத நீ வெச்சிக்கடி, உன்ன சொமந்ததுதானே'ன்னுச்சு."

படித்துக் காட்டியது உண்மை. வலியோடு படுத்திருந்த அம்மாவுக்குப் பொழுதுபோக, போனிலிருந்து. "எடுத்தத மறுபடி வெச்சா ஒட்டிக்குமா?" என்று கேட்டாள். தலையைத் தூக்காமலே, "ஒட்டிக்கும்மா" என்றேன். மீதியைப் படித்துக் காட்டவில்லை. அம்மாவுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

"இன்னாடி பேயறஞ்ச மாதிரி நிக்கிற? ஐஸ் கரையுது."

வகுப்பில் தெரிந்த பதிலுக்கும் கை தூக்காதவள் நான். இப்போது சொல்லியாக வேண்டியிருந்தது.

"இது கட்டி வந்ததுக்கா. இதை யாருக்கும் வெக்க மாட்டாங்க. நல்லதா இருந்தாலும் ரத்தக் குழாயோட எடுக்கணும், பக்கத்துலயே ஆள் ரெடியா இருக்கணும். நியூஸ்ல வந்த அந்தப் பொண்ணு கர்ப்பப்பை இல்லாம பொறந்தவ."

"நானும் இல்லாமதானே பொறந்தேன்."

"உன்ன மாதிரி இருக்கறவங்களுக்கு ஆராய்ச்சி நடக்குது. நான் படிச்சவரைக்கும் இதுவரை யாருக்கும் கொழந்த பொறக்கல."

"ஒருத்திக்குக்கூடவா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்புறம் ஏன்டி அம்மாகிட்ட ஒட்டிக்கும்னு சொன்ன?"

நர்ஸ் மறுபடி வந்தார். பிளாஸ்டிக் டப்பா நிறைய ஃபார்மலின். நெடி மூக்கில் ஏறியது.

"யார் வாங்கறீங்க?"

என் கை எழவில்லை. அக்கா பெட்டியை பெஞ்சில் வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். வாங்கி வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

"இன்னும் சூடு இருக்குதுடி" என்றாள்.

லேபுக்கு அவளே கொண்டுபோனாள். சின்னதுரை அண்ணனைத் திருப்பி அனுப்பினாள். பெட்டியை மட்டும் விடவில்லை.

சாயங்காலம் அம்மாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்பா இரண்டாவது ஷிப்டில் இருந்தார். தண்ணீர் கொடுக்கக் கூடாது, உதட்டை மட்டும் நனைக்கலாம் என்றார் நர்ஸ். அம்மா கண்ணைத் திறந்து அக்காவைத் தேடினாள்.

"குடுத்துட்டாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மாவிடம் முதலில் பொய் சொன்னவள் நான்தான், இப்போது உண்மையைச் சொல்ல வேண்டியவளும் நான்தான். அக்கா என் காலை மிதித்தாள்.

"குடுத்தாங்கம்மா. என் கையிலதான் குடுத்தாங்க."

"ஐஸ் தாங்கிச்சா?"

"தாங்கிச்சு."

"உங்க அப்பன்கிட்ட இப்ப சொல்லாதீங்க. கத்துவாரு. வயிறு தெரிய ஆரம்பிக்கட்டும்."

அக்கா பெட்டியைத் திறந்தாள். ஐஸ் பாதி கரைந்திருந்தது. கைக்குட்டையை அந்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அம்மாவின் உதட்டை மெதுவாகத் துடைத்தாள்.