சுண்டை வேரில் கத்தரி

மூன்று வருடமாக நாற்றுப்பண்ணைக்காரியின் கத்தரிச் செடிகள் பூக்கும் நேரத்தில் வாடிச் சாய்ந்தன. மண்ணிலேயே நோய் இருந்தது. எந்த மருந்துக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை.

"பேசாம கத்தரியை விட்டுட்டு வேற ஏதாவது போடு," என்றான் கணவன்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. அதே பாத்தி ஓரத்தில் தானாக முளைத்த சுண்டை மட்டும் முள்ளும் கொத்துக் காயுமாக ஆள் உயரத்துக்கு நின்றது. கத்தரிக்கு அது சொந்தம்தானே என்று யோசித்தாள். முளைக்க நாளாகும் என்பதால் சுண்டை விதையை முன்கூட்டியே தூவினாள். தண்டு பென்சில் அளவு பருத்ததும் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, கத்தரித் துளிரைச் சொருகிக் கட்டினாள்.

"காட்டுச் செடிக்குக் கல்யாணமா?" என்று சிரித்தான் அவன்.

முதல் ஒட்டுகள் பாதிக்கு மேல் கருகிப்போயின. மறைவாக அழுதுவிட்டு மறுபடி கட்டினாள். இந்த முறை ஈரம் காயாதபடி பாலிதீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்தாள். பிழைத்தவற்றை அதே நோய் மண்ணில் நட்டாள். பூ வந்தது, பிஞ்சு வந்தது, ஒன்றுகூடச் சாயவில்லை.

கணவன் பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "எனக்கும் கட்டக் கத்துக்குடேன்," என்றான் கடைசியில்.

"முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க," என்றாள் அவள், பிளேடைத் துடைத்துக்கொண்டே.