இஸ்திரி போடாத கடிதம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை சுயநலத்தில் பிறந்தது. ‘மடிப்பு’ என்ற எழுத்துச் செயலியைப் பயன்படுத்துகிறவர்களுக்கெல்லாம் போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘ஒரு பெரிய நிறுவனத்துடன் கைகோர்ப்பது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். முடிவானதும் சொல்கிறோம்.’ பதினொரு வருடங்களில் நான் எழுதிய மூன்று நாவல்களும் அதற்குள்தான் இருக்கின்றன. கோபமாக ஒரு கடிதம் போட்டேன். மடிப்பை உருவாக்கிய அக்காவே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவள் மழுப்பிய இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன். அது என் தொழில்.

மடிப்பில் ஒரு வரியை வேண்டாமென்று அடித்தால் அது அழியாது. அடுத்த வரிக்கு அடியில் மடிந்து உட்கார்ந்துகொள்ளும். ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு தெரியும், தொட்டால் பிரியும். இந்தக் கதையில் நான் அடித்த வரிகள் சதுர அடைப்புக்குள் இருக்கும்.*

* வெளியாருக்கு அனுப்புமுன் ‘இஸ்திரி’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். மடிப்பெல்லாம் போய்விடும். மறந்தால் மானம் போய்விடும். ஒரு பதிப்பாளரைப் பற்றி நான் எழுதி அடித்த வரி அவருக்கே போய்ச் சேர்ந்தது. அவர் இன்றுவரை என்னுடன் பேசுவதில்லை.

2

[ஒரு நகரத்தில் ஒரு பெண் இருந்தாள்.]

[விசைப்பலகையின் ஓசை அந்த அறையில் மழையைப் போல] மழை வேண்டாம்.

பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இரண்டு மேசை போட்ட அறை. ஒன்றில் அக்கா. அவளைவிட இருபது வயது பெரியவர்களும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். உதவி கேட்டு எழுதினால் அன்றைக்கே பதில் போடுகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது? எதிர் மேசையில் அவளுடைய சொந்தத் தம்பி, விற்பனையைப் பார்த்துக்கொள்கிறவன். கீழே யாருடைய பல்லையாவது குடையும்போது இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

“வருஷா வருஷம் கம்ப்யூட்டர் மாறுது, போன் மாறுது. நீ ஒருத்தி எத்தனை நாள் அதுங்க பின்னாடி ஓடுவே?” என்றான் தம்பி. “அந்தக் கம்பெனில இருநூறு பேர் இருக்காங்க.”

“ஏழாவது நிபந்தனையைப் படிச்சியாடா?”

“படிச்சேன்.”

ஏழாவது நிபந்தனை இதுதான்: மடிப்பில் எழுதுவதெல்லாம் இனிமேல் நிறுவனத்தின் கோப்பு வடிவத்தில்தான் சேமிக்கப்படும். அந்த வடிவத்தில் அடித்த வரிகளுக்கு இடம் கிடையாது. பழைய கோப்பாக இருந்தாலும், ஒருமுறை சேமித்தால் மடிப்புகள் உதிர்ந்துவிடும்.

“அடிச்ச வரி அடிச்ச வரிதானேக்கா. வேணாம்னுதானே அடிச்சோம்?”

கீழே குடைய ஆரம்பித்தார்கள்.

3

தம்பியை வில்லனாக்கிவிடலாம் என்று இரண்டு நாள் மெனக்கெட்டேன். [அவன் கண்களில் பேராசை] அடித்தேன். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. அக்காவின் வலது மணிக்கட்டில் ஆறு மாதமாக வலிக்குக் கட்டிய பட்டை. போன வருடப் புதுப்பிப்புக்குப் பிறகு எண்பது பேரின் கோப்புகள் திறக்க மறுத்தன. ஒவ்வொன்றையும் அவளே உட்கார்ந்து மீட்டாள். அதில் ஒன்று என்னுடையது. அவன் அக்காவுக்காகக் கவலைப்படுகிறான், நான் என் நாவல்களுக்காகக் கவலைப்படுகிறேன். வில்லன் யார் என்று தேடினால் விரல் என் பக்கம்தான் திரும்புகிறது.

4

புதன்கிழமை காலை அக்கா நிறுவனத்துக்குப் பதில் எழுதினாள். மடிப்பில்தான் எழுதினாள், வேறெதிலும் அவளுக்குக் கை ஓடாது. ‘ஏழாவது நிபந்தனை உட்பட எல்லாம் சம்மதம்.’ அனுப்பிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மதியம் தொலைபேசி அடித்தது; அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். நிறுவனத்தின் சார்பில் பேசுகிற மேலாளர் அம்மாள். பேச்சுவார்த்தைக்காக அவரும் மடிப்பைத் தன் கணினியில் ஏற்றி வைத்திருந்தார்.

“மேடம், உங்க லெட்டர் கிடைச்சுது. ஓரத்துல ஏதோ கோடு மாதிரி இருந்துச்சு. தொட்டுட்டேன்.”

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். ‘இஸ்திரி போட மறக்காதீர்கள்’ என்று பதினான்கு வருடங்களாக ஊருக்கெல்லாம் பதில் எழுதிய கை, தன் கடிதத்துக்குப் போட மறந்திருந்தது. அதில் அவள் எழுதி அடித்த வரிகள் இவை:

[ஏழாவது நிபந்தனைக்குச் சம்மதமில்லை.]

[ஏழாவதைத் தவிர எல்லாம் சம்மதம்.]

[அடித்த வரிகளுக்கு உங்கள் கோப்பில் நானே இடம் செய்து தருகிறேன். எட்டு வாரம் கொடுங்கள்.]

[எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது. தம்பியிடம் சொல்ல முடியவில்லை.]

“மேல ஒரு பதில் இருக்கு, கீழ மூணு பதில் இருக்கு,” என்றார் மேலாளர். “நாலாவதை நான் படிக்கலைன்னு வெச்சுக்கோங்க. இதுல எதுக்கு நான் பதில் சொல்லணும்?”

தம்பி எழுந்து வந்து அக்காவின் திரையில் அந்த நாலாவது வரியைப் படித்தான். இரண்டு முறை படித்தான். அக்கா போன் பக்கம் திரும்பினாள்.

“மூணாவதுதான் என் பதில்.”

“மேல சம்மதம்னு இருக்கே?”

“அது பயத்துல எழுதினது. அடிச்சுடுங்க. எங்கயும் போயிடாது, கீழேயேதான் கிடக்கும்.”

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. “எட்டு வாரம் முடியாது. ஆறு. எங்க ஆளுங்க ரெண்டு பேரைத் தரேன். மடிப்பு உதிராம நின்னா ஏழாவதை எடுத்துடறோம். உதிர்ந்துச்சுன்னா இருக்கிறபடியே கையெழுத்துப் போடணும். சரியா?”

“சரி.”

போனை வைத்ததும் தம்பி சொன்னான்: “என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“எழுதினேனே.”

“எழுதி அடிச்சே.” உதவி கேட்டு அவளுக்கு வரும் அஞ்சல்களையெல்லாம் தன் கணினிக்குத் திருப்பிவிட்டான். “ஆறு வாரத்துக்கு இதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ அந்த வேலையை மட்டும் பாரு.”*

* அதிலிருந்து எனக்குப் பதில் வர நான்கு நாள் ஆகிறது. புகார் செய்யவில்லை.

5

இனி முடிவு.

[ஆறாவது வார வெள்ளிக்கிழமை, கையெழுத்துப் போடும்போது அக்காவின் பேனா] நடுங்கினால் அழுகைக் கதை ஆகிவிடும்.

[இரு தரப்பும் மகிழ்ச்சியோடு கைகுலுக்க] இது விளம்பரம்.

இது ஐந்தாவது வாரம். நேற்று அக்கா மறுபடியும் கூப்பிட்டாள்.

“சோதிச்சுப் பாக்க ஒரு கோப்பு வேணும். ஒரு வரி எழுதி ஒன்பது வரி அடிக்கிற ஆள் யாருன்னு யோசிச்சேன். உங்க ஞாபகம்தான் வந்துச்சு.”

“மடிப்பு உதிராம ஓடுமாக்கா?”

“ஓடும்,” என்றாள். யோசிக்கவே இல்லை.

ஆகவே அவளுக்கு இந்தக் கதையை அனுப்புகிறேன். இஸ்திரி போடவில்லை. நிறுவனத்தின் செயலியில் இதைத் திறந்து, சேமித்து, அங்கிருந்து நேரே அச்சுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நடுவில் நான் பார்க்க மாட்டேன். என்ன ஆனது என்பது எழுதுகிற எனக்குத் தெரியாது, படிக்கிற உங்களுக்குத்தான் தெரியும். என் பந்தயம் அக்கா மேல்.

கடைசியாக ஒரு வரி எழுதி அடிக்கிறேன். அது உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் மடிப்பு உதிர்ந்து, அவள் ஏழாவதுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள், கதையும் இந்த வாக்கியத்தோடு முடிந்துவிட்டது.

[அக்கா, இனிமேலாவது அந்த மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுங்கள்.]