நான் வரைந்த ஏழு கிலோமீட்டர்

"அதோ பார் வடிவு, எப்பேர்ப்பட்ட காட்சி!" என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டு நான் கையை நீட்டினேன். அடுத்த நொடி காட்சி தலைகீழாகச் சாய்ந்தது. காரின் முன்சக்கரம் இரண்டும் பள்ளத்தில் இருந்தன.

கார் என்னுடையதல்ல. வாணியம்பாடி கலீல் பாயின் பியட். "மலையில எறங்கறப்போ கியர்லயே எறக்குங்க சார், பிரேக்க நம்பாதீங்க" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். கையை நீட்டாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

"எலுமிச்சம்பழம் நல்லாத்தாங்க நசுங்குச்சு" என்றாள் என் மனைவி வடிவு, நெற்றியைத் தடவிக்கொண்டே. காலையில் திருப்பத்தூரில் சக்கரத்துக்கு அடியில் அவள்தான் வைத்தாள். "வண்டிக்குச் சுத்தினதுக்குப் பதிலா ஓட்றவருக்குச் சுத்திப் போட்டிருக்கணும்."

இந்தப் பயணமே அவளுக்காகத்தான். நான் ஓர் அலுவலகத்தில் வரைவாளன். எந்த அலுவலகம் என்று சொன்னால் பென்ஷன் போய்விடும். மலைக்கும் சமவெளிக்கும் எங்கெங்கே ரோடு போகிறது என்று படம் வரைவது என் வேலை. வீட்டில் அதைக் கொஞ்சம் பெரிதாக்கி, "ஜவ்வாது மலையில கொம்பைக்காட்டுக்கு ரோடு போட்டதே நான்தான்" என்று சொல்லி வைத்திருந்தேன். தெரு முழுக்க அவள் அதைச் சொல்லி வைத்திருந்தாள்.

"பதினாறு வருசமா உங்க மை பட்ட சட்டையத் தொவைக்கிறேன். அந்த மையில போட்ட ரோட்டுல ஒரு நாளாவது என்னக் கூட்டிட்டுப் போங்க" என்று போன மாதம் கேட்டாள். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். புடவை கேட்டிருந்தால் சுலபமாக மறுத்திருப்பேன்.

பள்ளம் இருந்த இடத்தோடு தார் முடிந்திருந்தது. அப்பால் மூங்கில் புதர், பாறை, நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற ஒற்றையடிப் பாதை. என் படத்தின்படி கொம்பைக்காட்டு ரோடு, ஏழு கிலோமீட்டர், சரியாக இங்கே ஆரம்பிக்கிறது.

"உங்க ரோடு எங்கங்க?"

"கொஞ்சம் தள்ளி இருக்கும்."

எங்கள் தொழிலில் ஒரு விதி. போட்டு முடித்த ரோட்டுக்கு முழுக்கோடு, இனிமேல் போடப்போகும் ரோட்டுக்கு விட்டுவிட்டு இழுத்த கோடு. நாலு வருடம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை கொம்பைக்காட்டுக்கு விட்டுவிட்டுக் கோடு இழுக்க உட்கார்ந்தேன். பேனாவைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் மை சொட்டியது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று. 'திங்கட்கிழமை பிளேடால் இடையிடையே சுரண்டிக்கொள்ளலாம்' என்று ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. அதற்குள் ஐந்து அதிகாரிகள் படத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஆனாலும் ஒரு நப்பாசை. நான் வரைந்த பிறகாவது யாராவது போட்டிருக்கக்கூடாதா? மனிதர்கள் அவ்வளவு மோசமா?

பக்கத்துக் கொல்லையில் உழுதுகொண்டிருந்த அர்ச்சுனன் என்பவர் ஏர்மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வந்தார். காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ரோடு முடிஞ்சப்புறமும் ஓட்டிக்கினு வந்துகீறீங்களே சார். தில்லுதான்."

"நான் ரோடு ஆபீஸ்" என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். "கொம்பைக்காட்டு ரோடு எங்கேயிருந்து போகுது?"

அவர் மாடுகளைப் பார்த்தார். மாடுகள் தரையைப் பார்த்தன. "மொதல்ல வண்டிய எடுப்போம் சார்."

அப்போது ஒற்றையடிப் பாதையில் தலையில் புளிக்கூடையோடு ஓர் அம்மாள் இறங்கி வந்தாள். பெயர் பாஞ்சாலை, கொம்பைக்காட்டுக்காரி. புளி வாங்கும் லாரி இந்தத் தார் முனை வரைதான் வருமாம். அர்ச்சுனன் மாடுகளைக் காரின் பின்னால் பூட்டி இழுக்க, கூடையை இறக்கிவிட்டு அவளும் முன்பம்பரைப் பிடித்துத் தள்ளினாள். நான் பின்னால் நின்று ஆலோசனை வழங்கினேன். கார் மேலே ஏறியது. கலீல் பாயின் விளக்கு ஒன்று மட்டும் பள்ளத்திலேயே தங்கிவிட்டது.

"ஏம்மா, ரோடு எங்கே?" என்று அவளிடமும் கேட்டேன்.

"சாப்ட்டீங்களா சார்?"

"இல்லை. ரோடு எங்கே?"

"அப்ப குந்துங்க. அக்கா, நீங்களும் குந்துங்க" என்று தூக்குப்பாத்திரத்தைத் திறந்தாள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. தேக்கிலையில் எங்கள் மூவருக்கும் போட்டுவிட்டுத்தான் தனக்கு எடுத்துக்கொண்டாள். எங்களுக்குப் போட்டது ஒரு கை அதிகம்.

மூன்றாவது தடவையும் கேட்டேன். அர்ச்சுனன் சிரித்தார். "எங்க ஊர்ல வெறும் வயித்தோட வந்தவங்களுக்குக் கெட்ட சேதி சொல்ல மாட்டாங்க சார். துன்னு முடிங்க."

வடிவு சாப்பிடாமல் பாஞ்சாலையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையை மடித்ததும் பாஞ்சாலை கையைக் கழுவிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"ரோடு இல்ல சார். மூணு தபா மனு குடுத்தோம். கடைசித் தபா நானே ரோடு ஆபீசுக்கு எறங்கிப் போனேன். அங்க ஒருத்தரு படத்த விரிச்சுக் காட்னாரு. 'இங்க பாரும்மா, உங்க ஊருக்கு ரோடு கீது, கறுப்பா, முழுசா. இருக்கிற ரோட்டுக்கு மறுபடி பணம் தர மாட்டாங்க'ன்னாரு. நான் என் காலக் காட்னேன். அவரு படத்தையே காட்னாரு."

வடிவு என் சட்டைப் பையைப் பார்த்தாள். அங்கே பழைய மைக்கறை இருந்தது. பதினாறு வருடமாகத் தேய்த்தும் போகாதது.

"அந்தக் கோட்ட இழுத்தது இவருதாம்மா" என்றாள். தெருவில் சொல்லும் குரல் அல்ல அது.

பேனாவில் மை சொட்டியதைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, ஐந்து கையெழுத்துகளைப் பற்றி நானும் விளக்க ஆரம்பித்தேன். எனக்கே கேட்கச் சகிக்காமல் பாதியில் நிறுத்தினேன்.

"இப்ப நான் என்னம்மா செய்யணும்?"

இதே கேள்வியை அலுவலகத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். 'கோப்பு வையுங்கள்', 'பார்க்கலாம்', 'மேலிடத்தில் கேளுங்கள்' என்றுதான் பதில் வரும்.

பாஞ்சாலை கூடையைத் தூக்க எழுந்தாள். வடிவு ஒரு பக்கம் பிடித்தாள். நான் மறுபக்கம் பிடித்தேன். தூக்கிப் பார்த்த பிறகுதான் புளி எவ்வளவு கனம் என்று தெரிந்தது.

"திங்கக்கெழம போயி அந்த ரோட்ட அழிச்சுடுங்க சார்" என்றாள். "மறுநாளே நான் மனுவோட வர்றேன். ரோடு இல்லாத ஊருக்குத்தானே ரோடு போடுவாங்க?"