நவமணி பேசிய கூட்டம்

ரப்பர் தோட்டத்துக் கோயிலில் நடக்கும் கூட்டங்களில் நவமணி வாயே திறந்ததில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். சொல்ல வேண்டியதைக் கணவன் சன்னாசியின் காதில் கிசுகிசுப்பாள். அவன் எழுந்து கோயிலே அதிரும்படி சொல்வான்.

எழுபத்தெட்டில் மலேசியாவின் ஈப்போ நகரத்து முதலாளி ஒருவர் தோட்டத்தை வாங்கினார். எண்ணெய் தரும் செம்பனை நடுவதற்காக இடுகாட்டையும் இடித்துத் தள்ளப்போவதாகத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கோயிலில் கூட்டம் போட்டுச் சொன்னார்.

"யாருக்காச்சும் ஆட்சேபனையா? இல்லன்னா திங்கக்கிழம டிராக்டர் வந்துரும்லா."

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். நவமணி பழக்கதோஷத்தில் பக்கத்தில் சாய்ந்தாள். அங்கே பக்கத்து வீட்டு ராக்காயிதான் உட்கார்ந்திருந்தாள்.

"என் காதுல ஏன்டி ஊதுற? எந்திரிச்சு சொல்லு!"

நவமணி எழுந்தாள்.

"கிராணி ஐயா, எங்க வீட்டுக்காரரு செத்து ஒரு மாசந்தான் ஆவுது. அங்கதான் கெடக்குறாரு. மண்ணு இன்னும் காயல. அந்த மூலைய மட்டும் விட்ருங்க."

அவன் செத்துப்போனதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கிராணி கண்ணாடியைக் கழற்றினார். "மொதலாளிகிட்ட நானே பேசுறேன். அந்த எடத்துல கை வைக்க மாட்டாங்க. உக்காரும்மா."

அவளால் உட்கார முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் நின்றபடியே, முகத்தை மூடாமல் அழுதாள்.