பெரியம்மா என்றொரு கட்டம்

மாப்பிள்ளை அந்தச் சலவைக்கூடத்துக்குள் முதன்முறை கால் வைத்தபோது கோட்டு போட்டிருந்தார். கொதிகலன் ஓடுகிற இடத்தில், நீராவி முகத்தில் அறைகிற இடத்தில், பட்டன் எல்லாம் பூட்டிய கோட்டு. இஸ்திரி மேசைப் பெண்கள் அன்றைக்கே அவருக்கு 'ஸ்லைடு' என்று பேர் வைத்துவிட்டார்கள். எதைக் கேட்டாலும் "அதுக்கு ஒரு ஸ்லைடு இருக்கு" என்று மடிக்கணினியைத் திறப்பார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னவளுக்கும் ஒன்று காட்டினார் என்று கேள்வி.

முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர். பெரிய கம்பெனியில் பெரிய வேலை பார்த்தவர். என்ன வேலை என்று மட்டும் கட்டிய மனைவிக்கும் தெரியாது, பாவம். அந்த வேலை போய், அதாவது அவர் பாஷையில் 'வெளியே வந்து', மாமனார் வீட்டு மாடியில் குடியேறிய பிறகு, மாமனார் தொழிலைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்தார். தொழிலுக்கு ஒரு கேடும் வந்திருக்கவில்லை. காப்பாற்றக் கிளம்பியவருக்கு அதெல்லாம் ஒரு தடையா?

மருமகளுக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். மருமகள் என்றால் முதலாளியின் மகனைக் கட்டியவள். கூடத்தின் கோடியில், சோப்புத்தூள் மூட்டைகளுக்கும் மீட்டர் பெட்டிக்கும் நடுவில் இருந்த கம்ப்யூட்டர் அறை அவளுடையது. சாஃப்ட்வேர் படித்தவள், அதைச் சொல்லிக் காட்டாமல் ஒரு பேச்சை முடிக்க மாட்டாள். உலகத்தில் பாதிப்பேர் முட்டாள்கள், மீதிப்பேர் தன் புருஷன் வீட்டார் என்பது அவள் கணக்கு.

அந்தக் கூடத்தில் துணி உள்ளே வருவது முதல், எந்த டிரம்மில் போகிறது, எந்த வேனில் எந்த வீட்டுக்குத் திரும்புகிறது என்பது வரை எல்லாமே ஒரு பழைய சாஃப்ட்வேரில்தான் ஓடியது. எழுதியவன் அவள் புருஷன், மீசை அரும்பிய வயதில். அவள் முதல் தடவை அதைத் திறந்து பார்த்த அன்று புருஷனோடு பேசவில்லை. ரசீதும் சலவையும் வேனும் விடுமுறை நாளும் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு ஒரே கோப்பில் கிடந்தன. ஒரு பகுதிக்கு 'எல்லாம்' என்று பேர். இன்னொன்றுக்கு 'எல்லாம்புதுசு'. இதில் எது ஓடுகிறது என்று கேட்டதற்கு, "ரெண்டும்தான்" என்றான் அந்த மகராசன்.

வாயார வைதாளே தவிர, அவள் அதைத் தூக்கி எறியவில்லை. கல்யாணத்தையும் அப்படித்தான் வைத்திருக்கிறாள் என்பது இஸ்திரி மேசையின் அபிப்பிராயம்.

அவள் வழி இப்படி. ஒரு துண்டைத் தொடுவதற்கு முன்னால், அந்தத் துண்டு இப்போது என்ன செய்கிறது என்று ஒரு சோதனை எழுதுவாள். இந்தத் துணி உள்ளே போனால் இந்த விடை வர வேண்டும். சரியோ தப்போ, இன்றைக்கு வருவதுதான் நாளைக்கும் வர வேண்டும். பிறகு அந்தத் துண்டை மட்டும் பிரித்து, அழுக்கெடுத்து, திரும்ப வைத்து, சோதனையை ஓட்டுவாள். திரையில் 'சரி' என்று வந்தால் அடுத்த துண்டு. வராவிட்டால் பழையதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். இதனால் கூடத்தில் ஒரு டிரம்கூட நின்றதில்லை. வேன் பகுதி இப்படித்தான் சுத்தமானது. ரசீது பாதியில் இருந்தது. அடுத்து அவள் கண் வைத்திருந்தது 'பெரியம்மா'வின் மேல்.

பெரியம்மா என்பது, துணி வாங்கும்போது கவுண்டர் திரையில் டிக் அடிக்கிற ஒரு கட்டம். அதற்கு முன்னால் அவள் ஒரு மனுஷி. முதலாளியின் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். கூடம் நிற்கிற கட்டடம் அவள் பேரில். அவளுக்குத் துணி துவைத்துக் கொடுப்பதைப்போல் ஒரு தண்டனை கிடையாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், காலரைத் திருப்பிப் பார்ப்பாள், ஒரு குறையாவது கண்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அதனால் மகன்காரன் அவள் துணிக்கென்றே ஒரு கட்டம் வைத்தான். அதை டிக் அடித்தால் சூடான டிரம்முக்குப் போகாது, கையால் அலசுவார்கள், போன் பண்ணிக் கேட்டபிறகுதான் வேனில் ஏறும். நாளாக ஆக, நாசூக்கான துணி எது வந்தாலும், தகராறு பிடித்த ஆள் யார் வந்தாலும், "இது பெரியம்மாடி" என்று கவுண்டர்ப் பெண்கள் அதையே தட்டினார்கள். மணி கோத்த கல்யாண கவுன் பெரியம்மா. வக்கீலின் அங்கி பெரியம்மா. யாரோ ஒரு குழந்தையின் பஞ்சுக் கரடியும் பெரியம்மா. அசல் பெரியம்மா கூடத்துக்கு வருகிற அன்று மட்டும் எல்லாருக்கும் இருமல் வந்துவிடும்.

இந்தப் பேரை 'கவனம்' என்று மாற்றிவிடவேண்டும் என்பது மருமகளின் நெடுநாள் ஆசை. ஒரு சலவைக்கூடத்தின் மூளைக்குள் குடும்ப நக்கல் உட்கார்ந்திருப்பது அவள் படிப்புக்கு இழுக்கு.

மாப்பிள்ளை கூட்டம் போட்டார். கட்டடக்காரி என்ற முறையில் பெரியம்மாவும் வந்து, மேசை விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இது சாஃப்ட்வேர் இல்ல மாமா, குப்பைத்தொட்டி" என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை. "ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு எத்தனை நாள் ஓட்டறது? மொத்தமா இடிச்சிட்டுப் புதுசா கட்டிடலாம்."

"எதை இடிக்கப் போறீங்க?" பெரியம்மா நிமிர்ந்தாள்.

"ஐயையோ, கட்டடம் இல்ல பெரியத்தை. சாஃப்ட்வேரை."

"அப்ப சரி. என்னத்தையோ இடிச்சுக்கோங்க."

மருமகளுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, நான்தான் ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டு வரேனே. வேன் பகுதி முழுக்க மாத்தினேன், உங்க யாருக்காவது தெரிஞ்சுதா?"

"தெரியலையே!"

"ஒழுங்கா மாத்தினா தெரியாது."

"யாருக்குமே தெரியாத வேலையை எதுக்கு தங்கச்சி செய்யணும்?" மாப்பிள்ளை நிஜமாகவே புரியாமல் கேட்டார். அவர் பிழைப்பில் அப்படி ஒரு வேலையை அவர் கண்டதேயில்லை. அடுத்த ஸ்லைடைத் தள்ளினார். "இங்க பாருங்க, 'பெரியம்மா'ன்னு ஒரு கட்டம். இது என்ன கூத்து?"

கவுண்டர்ப் பெண் இருமினாள். புருஷன்காரன் சட்டென்று குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அவன் போட்டிருந்தது செருப்பு.

"என்னையா சொல்லியிருக்காங்க?" பெரியம்மா முகத்தில் ஒரு பூரிப்பு.

"ஆமா அண்ணி" என்றார் முதலாளி, வேர்வையைத் துடைத்தபடி. "உங்களுக்குன்னு தனியா... ஒரு மரியாதைக்கு வச்சது."

"ஓ, பெரியத்தைக்குத் தனி வழி. புரிஞ்சுபோச்சு" என்று மாப்பிள்ளை தட்டச்சினார்.

மருமகள் வாயைத் திறந்தாள். மாமனார் பார்த்தார். அந்தப் பார்வையில் கட்டடம் முழுசும் தெரிந்தது. மூடிக்கொண்டாள்.

"புதுசு வந்ததும் தங்கச்சி கவுண்டருக்குப் போகட்டும் மாமா. சிரிச்சுப் பேச ஒரு ஆள் வேணும். அந்த ரூம் நம்ம டீமுக்கு வேண்டியிருக்கும்" என்று முடித்தார் மாப்பிள்ளை. மருமகள் சிரித்துப் பேசி அந்தக் கூடத்தில் பார்த்தவர் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் புருஷனைப் பிடித்தாள். "வாயில என்ன, சோப்புத்தூளா? என் ரூமைப் பிடுங்கறாங்க, நீங்க பாட்டுக்கு இல்லாத லேஸைக் கட்டறீங்க!"

"பெரியம்மா எதிர்ல உட்கார்ந்திருக்காங்க. என்னன்னு சொல்லச் சொல்றே? நொட்டை சொல்ற ஆளுங்க துணிக்கெல்லாம் உங்க பேரு வச்சிருக்கேன்னா?"

"வச்சது நீங்கதானே?"

"அப்ப சின்ன வயசு."

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?"

மறுநாள் மாடியேறிப் போனாள். "அண்ணா, ரெண்டையும் கொஞ்ச நாள் பக்கத்துல பக்கத்துல ஓட்டிப் பாருங்க. ஒரே துணிக்கு ரெண்டும் ஒரே பதில் சொல்லுதான்னு பாருங்க. அந்தப் பெரியம்மா கட்டம் நீங்க நினைக்கிற மாதிரி—"

"மாமாவே விளக்கிட்டார்மா. பயப்படாதே, கவுண்டரும் நல்ல வேலைதான்."

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு தடவைக்குமேல் யாருக்கும் எதையும் சொல்லிப் பழக்கமில்லாதவள். புரிந்தால் புரியட்டும், இல்லாவிட்டால் நாசமாய்ப் போகட்டும் என்று இறங்கி வந்துவிட்டாள். அந்தத் திமிருக்கு ஒரு கரடி காதைக் கொடுக்கப் போகிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது. பழையதை அழித்துவிடச் சொன்னார்கள். "சரி" என்றாள். அழிக்கவில்லை. கவுண்டரில் பதிகிற ஒவ்வொரு துணியும் சத்தமில்லாமல் பழையதிலும் போய் விழும்படி செய்துவைத்தாள்.

புதுசு வந்தது. மாப்பிள்ளை கூடம் முழுக்கப் பலூன் கட்டினார். நீராவியில் அவை ஒவ்வொன்றாக வெடித்தன. திரை அழகாகத்தான் இருந்தது, குறை சொல்லக்கூடாது. துணி உள்ளே போகும்போது ஒரு சட்டைப் படம் சுழன்று சுழன்று ஆடியது. முதலாளி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு போன் அடிக்கத் தொடங்கியது. கல்யாணப் பெண்ணின் அம்மா, கவுன் எங்கே என்று கத்தினாள். வக்கீல், அங்கி இல்லாமல் கோர்ட்டு வாசலில் நிற்பதாகச் சொன்னார். ஒரு குழந்தை ஒன்றுமே சொல்லாமல் அழுதது. கவுண்டரில் நின்ற மருமகள் திரையைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: 'ஒப்படைக்கப்பட்டது'.

யாரிடம் என்று அவள் பார்ப்பதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. பெரியம்மா இறங்கினாள். பின்னாலேயே டிரைவர் துணி மலையைச் சுமந்துகொண்டு வந்தான்.

"மரியாதைன்னு சொன்னீங்களே, சரி, எல்லாத்தையும் என்னைப் பார்த்துச் சொல்லச் சொல்றீங்கன்னு நினைச்சேன்" என்று ஆரம்பித்தாள். "நானும் உட்கார்ந்து ஒவ்வொண்ணா பார்த்தேன். இதெல்லாம் துவைச்சதா, அவிச்சதா?" கவுனை மேசையில் விரித்தாள். பாதி மணிகள் உருகி அசிங்கமாய் ஒட்டிக் கிடந்தன. அப்புறம் கரடியைக் காதைப் பிடித்துத் தூக்கினாள். ஒரு காதுதான் இருந்தது. "இதோட இன்னொரு காது எங்க?"

"பெரியத்தை, டேட்டா மைக்ரேஷன்ல ஒரு சின்ன—" என்றார் மாப்பிள்ளை.

"அவன் யாரு? கூப்பிடு அவனை."

இஸ்திரி மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பெரியம்மா ஒரு சீட்டை உயர்த்திக் காட்டினாள். 'பெறுநர்: பெரியம்மா.' "இது ஏன் எல்லாத்துலயும் ஒட்டியிருக்கு? என்னைப் பெரியம்மான்னு கூப்பிடறது ரெண்டே பேரு. ஒருத்தி உன் பொண்டாட்டி. இன்னொருத்தன் அதோ குனிஞ்சு நிக்கிறான்."

புருஷன்காரன் செருப்புக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, அது வந்து..." முதலாளி மருமகளைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. மருமகள் அவரைப் பார்த்தாள், மாப்பிள்ளையின் கோட்டைப் பார்த்தாள், புருஷனின் முதுகைப் பார்த்தாள். இந்தக் கோழைக் கும்பலுக்காகவா வாயை மூடிக்கொண்டு கவுண்டரில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தோம் என்று பற்றிக்கொண்டு வந்தது. கட்டடம் போனால் போகட்டும்.

"நான் சொல்றேன் பெரியத்தை. குத்தம் கண்டுபிடிக்கிற ஆளுங்க துணிக்கு இங்க 'பெரியம்மா'ன்னு பேரு. உங்களை வச்சுத்தான். அந்தக் கட்டத்தைத் தட்டினா சூடான டிரம்முக்குப் போகாது. கையால அலசுவாங்க. கேட்டுக்கிட்டுத்தான் அனுப்புவாங்க. உங்க மேல அவ்வளவு பயம். அதை விலாசம்னு நினைச்சு, எல்லாத்தையும் டிரம்ல போட்டு உங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

பெரியம்மா கரடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷத்துல அப்படிப் போன துணியில ஏதாவது காது போயிருக்கா?"

"இல்ல."

"மணி உருகியிருக்கா?"

"இல்ல."

"என் பேரை எடுத்ததும் இந்தக் கதி."

"பேரை எடுக்கல பெரியத்தை. பேரை மட்டும் வச்சுக்கிட்டு வேலையை எடுத்துட்டாங்க."

பெரியம்மா மாப்பிள்ளையைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "இந்த வீட்டுல அதுக்கென்ன குறைச்சல்?" மருமகள் பக்கம் திரும்பினாள். "பழசு இருக்கா, தூக்கிப் போட்டாச்சா?"

"இருக்கு."

"ஓட்டு."

அறைக்குள் போய் ஓட்டினாள். கவுண்டர்ப் பெண்கள் வைத்துவிட்டுப் போன டீ ஆறுவதற்குள் பழைய திரை வந்துவிட்டது, ஆடாத சட்டையோடு. மாப்பிள்ளை இதற்குத் 'தற்காலிகப் பின்வாங்கல்' என்று பேர் சொல்லி ஒரு ஸ்லைடு போட்டார். பார்க்கத்தான் ஆள் இல்லை. கவுன்காரி காலில் முதலாளி விழாத குறை. கரடியைக் குழந்தை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டது மாப்பிள்ளையேதான், பெரியம்மாவின் உத்தரவு. கோட்டைக் கழற்றிவிட்டுப் போனார் என்கிறார்கள்.

மருமகளுக்கு அறை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் பெரியம்மா இரண்டு நிபந்தனை போட்டாள். கட்டத்தின் பேரை யாரும் மாற்றக் கூடாது. அப்புறம், தனக்கும் அந்த அறையில் ஒரு நாற்காலி வேண்டும்.

'கவனம்' போயே போய்விட்டது. மூட்டைக்கும் மீட்டர் பெட்டிக்கும் நடுவில் இப்போது இரண்டு நாற்காலி. முதல் நாளே மருமகள் வேறு வழியில்லாமல் பெரியம்மா கட்டத்துக்குச் சோதனை எழுதி ஓட்டினாள். திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது: 'பெரியம்மா – சரி.'

பக்கத்திலிருந்து ஒரு முகம் திரையை முகர்ந்து பார்க்கிறாற்போல் நெருங்கியது. பெரியம்மா கைக்குட்டையால் அந்த வரியைத் துடைத்துப் பார்த்தாள்.

"சரின்னு அது என்ன சொல்றது? நான்தானே சொல்லணும்."