நார்மல் என்று எழுதிய குழாய்

சோமனூர்த் தறிக்காரர் மாசாணத்தின் புரதமும் என் புரதமும் திரையில் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தியிருந்தன. கூட வேலை பார்க்கும் பொற்கொடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"யுஸ்ராக்கா, இவருக்கு ஒண்ணுமில்லீங்க. நார்மல் மாதிரியேதான் வருதுங்க."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாசாணம் கால் மரத்துப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அவர் ரத்தத்தில் ஒரு புரதம் மடிப்புக் குலைகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. முறை எளிது. புரதத்தைக் கனநீரில், அதாவது சாதாரண நீரைவிட எடை கூடிய நீரில், விடுவோம். இறுக்கமாக மடிந்திருந்தால் கனத்தை மெல்ல ஏற்கும். தளர்ந்திருந்தால் மளமளவென்று ஏற்கும். எவ்வளவு ஏறியது என்று மாஸ் ஸ்பெக் இயந்திரம் எடை போட்டுச் சொல்லிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். அதற்கு ஆள் தேடிக்கொண்டு யார் அலைவது? எங்கள் ஆய்வகத்தில் நாங்களே கையை நீட்டிவிடுவோம். இந்த முறை நான் நீட்டினேன். குழாயில் 'நார்மல்' என்று நானே எழுதி ஒட்டினேன். என்ன தைரியம் பாருங்கள்.

கனநீரில் விடுவதற்கு முன் எடுத்த அளவுகளைச் சும்மா திறந்து பார்த்தேன். எடை வரைபடத்தில் ஒரு முகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. இரண்டாவது, முப்பத்திரண்டு அலகு கூடுதல் கனம். நரம்பையும் இதயத்தையும் தின்னும் அந்தப் பரம்பரை நோயின் அடையாளம் அது. மாசாணத்துக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

குழாய் மாறியிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு மறுபடி ரத்தம் எடுத்தேன், கூடவே பொற்கொடியிடமும். இரண்டு நாள் கழித்து அவளுக்கு ஒரு முகடு வந்தது. எனக்கு இரண்டு. அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருந்தது. பட்டப்பகலில், விளக்கெல்லாம் எரியும் அறையில், திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

அத்தா ரசாக் ஒருநாள் உக்கடத்தில் பஸ் ஏறும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே வீடு வந்து சேர்ந்தார். நாங்கள் கேலி செய்தோம். ஊரார் சர்க்கரை என்றார்கள். சோதித்தபோதெல்லாம் சர்க்கரை சரியாகவே இருந்தது. ஐம்பத்தோரு வயதில் இதயம் நின்றுபோனது. அவருக்குள் என்ன தளர்ந்துகொண்டிருந்தது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

அத்தாவுக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள். எனக்கு வந்தது அண்ணன் இல்யாஸுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அடுத்த மாதம் அவனுக்கு நிக்காஹ். அதற்குமுன் சொல்லியாக வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, ஆய்வகத்துக்கே வரச் சொன்னேன்.

மத்தியானம் வந்தான். எங்களைப்போலவே செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, இயந்திரத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஏங்கண்ணு, ஊட்டுல சொல்லக்கூடாத சேதியா? எனக்குத் தெரியாம மாப்பிள்ளை பாத்துப்போட்டயா?"

பொற்கொடி சிரிக்கவில்லை.

"அத்தாவைப் பத்திண்ணே. அவருக்கு வந்தது சர்க்கரை இல்ல."

"அது முடிஞ்சு பத்து வருசமாச்சு. இப்ப எதுக்கு அதைய?"

சொல்லிக்கொண்டே சாய்ந்து, கால்களை மேசைக்கடியில் நீட்டினான். அங்கே இயந்திரத்தின் வேக்குவம் பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அதன் இரும்பில் தெரியாத்தனமாக விரல் பட்டாலே துள்ளிவிடுவோம். அவனுடைய வெறும் பாதங்கள் இரண்டும் அதன்மேல் இருந்தன.

"அண்ணா, காலை எடுங்க! சுட்டுப்போடும்ங்க!" பொற்கொடி கத்தினாள்.

இல்யாஸ் நிதானமாகக் குனிந்து பார்த்தான்.

"சுடுதா அம்மணி?" என்று அவளைக் கேட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பாதங்கள் இன்னும் பம்ப்பின் மேலேயே இருந்தன.