சுவரில் தொங்கும் மீசைக்காரர்

1

இந்தக் கதையின் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எங்கள் ஊரைத் தொட்டு ஓடும் தினிப்ரோ ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி சொல்கிறேன். (இது மார்ச் மாதம், தண்ணீர் பனியாய்க் குளிரும். ஆகவே மனத்தளவில் நிற்கிறேன்.)

கதை எங்கள் ஊர் வாசகசாலையில், எங்கள் தேசத்துக் கவிஞரின் பிறந்தநாளன்று எனக்குக் கிடைத்தது. பண்ணையடிமையாகப் பிறந்து, ஓவியராகி, பாட்டெழுதிய குற்றத்துக்காகப் பாலைவனக் கோட்டைக்குச் சிப்பாயாக அனுப்பப்பட்டு, எழுதவும் வரையவும் கூடாதென்று தடுக்கப்பட்டு, இந்த ஆற்றைக் கடைசியாக ஒருதரம் பார்க்க ஏங்கியே...

[இந்த வாக்கியத்தை மூக்கைச் சிந்தாமல் முடித்தவர் எங்கள் ஊரில் இல்லை. விட்டுவிடுகிறேன்.]

2

தொடக்கம்: "மோத்ரியா அந்தக் காலத்து அழகி." அடித்துவிட்டேன். 'அந்தக் காலத்து' என்பதற்காக வீடு தேடி வந்து அடிப்பாள்.

வேறு தொடக்கம்: விழாவுக்குக் கவிஞரின் படம் இல்லை. வாசகசாலையைக் கவனிக்கும் ஹாப்கா வீடு வீடாகத் தேடினாள். மோத்ரியா ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்தாள், வீடு திறந்திருந்தது. சாமி மூலையில் ஒரு படம். தொங்கு மீசை, ஆட்டுத்தோல் தொப்பி, சட்டத்தின்மேல் பூத்தையல் துண்டு. இம்மூன்றும் சேர்ந்தால் எங்களுக்கு அது கவிஞர்தான். ஹாப்கா துண்டோடு தூக்கி வந்துவிட்டாள்.

அது மோத்ரியாவின் கணவன் ஒமெல்கோ. சுரங்க வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அவளிடம் இருந்த ஒரே படம் அது.

[ஊராருக்கு அடையாளம் தெரியாதா என்கிறீர்களா? துண்டு சார்த்திய படத்தில் முகத்தை யார் பார்க்கிறார்கள்?]

3

விழா நடுவே வந்து சேர்ந்த மோத்ரியா சுவரைப் பார்த்தாள். "ஹாப்கா, அது எம் புருஷன்டி."

"கவிஞர் எல்லாருக்கும் சொந்தம்க்கா. உனக்கு மட்டும் புருஷனா?"

"இந்தாளுக்குக் கையெழுத்தே போடத் தெரியாதுடி."

"மெதுவா பேசுக்கா, பாட்டு நடக்குது."

ஊரே தொப்பியைக் கழற்றிவிட்டு ஒமெல்கோவைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது. ஹாப்காவும் சேர்ந்துகொண்டாள். மோத்ரியா என் பக்கம் திரும்பினாள்.

"இங்க இருந்தவரைக்கும் இவர ஒருத்தரும் மதிக்கல, அண்ணே. கழட்டுனா மறுபடியும் வெறும் ஒமெல்கோ ஆயிடுவாரு. விட்டுட்டுப் போனா, ராவுல சோறு திங்கறப்ப நான் யாருகூடப் பேசறது?"

4

முடிவு ஒன்று: கழற்றிக்கொண்டு போனாள். எழுதிப் பார்த்தேன், ஆணி மட்டும் மிஞ்சிய சுவரைப் பார்த்து ஊர் பாடியது. தாங்கவில்லை.

முடிவு இரண்டு: விட்டுவிட்டுப் போனாள். சூப்பை ஊற்றிக்கொண்டு வெறும் மூலையைப் பார்த்து, "உப்பு..." என்று தொடங்கியவள்

இதையும் விட்டேன்.

அவள் கை சட்டத்தின்மேல் இருக்கிறது. பாட்டில் கடைசி அடி பாக்கி. கழற்றுவதா வேண்டாமா என்பதை நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு உதவும் தகவல் ஒன்றுதான் என்னிடம் உண்டு: மோத்ரியாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஒமெல்கோ என்று எங்கள் ஊரில் யாரும் இருந்ததும் இல்லை.